தெருவுக்குத் தெரியட்டும்: மறதி நோய் பற்றி வாசகர் கேள்விகள்

செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம். டாக்டர்கள் டிமென்ஷியா என்று சொல்கிற மறதி நோயில் அதிகமாக வருகிற வகைதான் அல்சைமர். வீட்டில் யாருக்காவது மறதி நோய் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். மதுரையிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. முக்கால்வாசிக் கடிதங்களின் கடைசியில் "தயவுசெய்து பெயர் போட வேண்டாம்" என்று இருக்கிறது. சரி, யார் பெயரும் போடவில்லை, ஊர் மட்டும்தான். ஆனால் அந்த ஒரு வரிதான் என்னை ரொம்பவும் உறுத்துகிறது. சர்க்கரை நோய்க்கு யாரும் பெயரை மறைப்பதில்லை, மூளைக்கு வரும் நோய்க்கு மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறோம்?

அக்கா, என் மாமியாருக்கு 74 வயது. இப்போதெல்லாம் சாப்பிட்ட கை காய்வதற்குள் "எனக்குச் சோறே போடலை" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்கிறார். கம்மலை நான் எடுத்துக்கொண்டேன் என்று தெருவில் நின்று சத்தம் போடுகிறார். நாத்தனார் எப்போதாவது வருவார், அன்றைக்குப் பார்த்து மாமியார் தெளிவாகப் பேசுவார். "அம்மா நல்லாத்தானே இருக்கு, நீங்கதான் சரியாப் பாக்கலை" என்று சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.
— வாசகி, செல்லூர்

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை. புதிதாக நடப்பதைப் பதிவு செய்துகொள்கிற இடம் அது. அது கெட்டுப்போனால் 40 வருடத்துக்கு முந்தைய கல்யாணம் ஞாபகம் இருக்கும், அரை மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டது பதிவே ஆகியிருக்காது. பதிவாகாத சாப்பாட்டை அவர் "சாப்பிடலை" என்றுதானே சொல்ல முடியும்? கம்மலும் அப்படித்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று அவரே கழற்றி எங்காவது வைத்திருப்பார், வைத்தது மறந்துவிடும், காதில் இல்லை என்பது மட்டும் தெரியும், அப்போது எதிரில் நிற்பது நீங்கள்தான். எப்போதும் பக்கத்தில் இருக்கிறவர் மேல்தான் இந்தப் பழி விழும், மாதக்கணக்கில் எட்டிப்பார்க்காதவர் மேல் விழாது.

அதனால் "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று வாதாட வேண்டாம். வாதத்தில் நீங்கள் ஜெயித்தாலும் அவருக்கு மிஞ்சுவது அவமானம் மட்டும்தான், காரணம் மறந்துபோகும், அந்த வருத்தம் மட்டும் சாயங்காலம் வரை தங்கிவிடும். "இந்தா போட்டுட்டேன் அத்தை" என்று அரை இட்லியோ கொஞ்சம் மோர்ச்சோறோ வையுங்கள், இப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டு காலைச் சாப்பாட்டையே இரண்டாகப் பிரித்துவிடலாம். கம்மல் என்றால் அவரோடு சேர்ந்து நீங்களும் தேடுங்கள். தலையணை உறை, அரிசி டிரம், சாமி படத்துக்குப் பின்னால் என்று அவருக்கென்று சில இடங்கள் இருக்கும், ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் அடுத்த தடவை சுலபம். தங்கத்தை நாத்தனார் முன்னிலையிலேயே எடுத்துப் பூட்டிவிட்டுக் கவரிங் போட்டுவிடுங்கள். நாத்தனார் முன்னிலையில் என்பது முக்கியம்.

விருந்தாளி வந்தால் தெளிவாகப் பேசுவதும் இந்த நோயில் சகஜம். பழகிய விசாரிப்புகளை, "வாம்மா, பிள்ளைங்க நல்லாருக்கா" என்பதை எல்லாம், ரொம்ப நாள் வரை மூளை விட்டுவிடாது. அரை மணி நேரம் சமாளித்துவிட்டு, அவர்கள் போனபிறகு களைத்துப்போய் இரண்டு மடங்கு தடுமாறுவார்கள். இதை நாத்தனாருக்கு வாயால் விளக்கிப் புரியவைக்க முடியாது. பத்து நாள் அம்மாவை அவர் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது அவர் வந்து உங்கள் வீட்டில் தங்கட்டும், நீங்கள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்வாருங்கள். சண்டையாகக் கேட்க வேண்டாம், உங்கள் வீட்டுக்காரர் கேட்கட்டும். அவருடைய அம்மா, அவருடைய அக்காவோ தங்கையோ, இதில் பேச வேண்டியவர் அவர்தான். டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது நாத்தனாரையும் கூட்டிப்போங்கள், டாக்டர் வாயால் கேட்கும்போது இறங்குகிற விஷயம் நாம் சொன்னால் இறங்காது.

அக்கம்பக்கத்துக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள், அவர்கள் கேட்கிறவரை காத்திருக்க வேண்டாம். "அத்தைக்கு மூளையில மறதி நோய், டாக்டர் சொல்லியிருக்கார், சாப்பாடு போடலைன்னு சொன்னா கோவிச்சுக்காம ஒரு வாய் காப்பி குடுத்து வீட்டுக்கு அனுப்பிவைங்க." இதைச் சொல்லிவிட்டால் நேற்று வரை உங்களைப் பற்றிப் பேசிய அதே தெரு நாளைக்கு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடும். செல்லூர் மாதிரி வீட்டோடு வீடு ஒட்டியிருக்கிற இடத்தில் இது பெரிய பலம்.

சாயங்காலம் ஆனால் பதற்றம் கூடுகிறதா என்று கவனியுங்கள், பலருக்குப் பொழுது சாயும் நேரம்தான் கஷ்டம். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள், டி.வி. சத்தத்தைக் குறையுங்கள், கையில் ஒரு வேலை கொடுங்கள். பூக்கட்டத் தெரிந்தவர் என்றால் ஒரு கூறு மல்லியும் நாரும் கொடுத்துப் பாருங்கள், பேர் மறந்தவர்களுக்கும் கைப்பழக்கம் ரொம்ப நாள் மறப்பதில்லை, அது மூளையின் வேறு பகுதியில் இருக்கிறது. ஒரே நாளில் திடீரென்று மோசமானால் மட்டும் "நோய் முத்திவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள், சிறுநீரில் கிருமித்தொற்று, காய்ச்சல், மலச்சிக்கல், புது மாத்திரை, இப்படி ஏதாவது காரணம் இருக்கும், அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. டிமென்ஷியா உள்ளவரைக் குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் கவனித்துக்கொள்கிற நேரம் சராசரியாக ஒரு நாளைக்கு 5 மணி, அந்த மணிகளில் 70 சதவீதம் பெண்கள் தலையில்தான். உங்கள் வேலைக்குச் சம்பளம் இல்லை, லீவும் இல்லை. நன்றியாவது வர வேண்டும், அது உங்களுக்கு வரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

அப்பாவுக்கு 68 வயது, விவசாயம். ஆள் பேரெல்லாம் மறந்துபோகிறது. போன மாதம் கமிஷன் கடைக்காரர் கொடுத்த பணத்தை எண்ணத் தெரியாமல் நின்றாராம். வயதானால் வரும் மறதிதான் என்கிறார்கள் பெரியவர்கள். காட்ட வேண்டுமா, எங்கே?
— வாசகர், உசிலம்பட்டி

காட்டத்தான் வேண்டும். பேர் மறப்பது, சாவியை வைத்த இடம் மறப்பது எல்லாருக்கும் வயதோடு வரும். ஆயுசு முழுக்கப் பணம் எண்ணிய கை எண்ணத் தெரியாமல் நிற்பதும், தினம் நடந்த தோட்டத்துப் பாதையில் வழி தடுமாறுவதும் வயது செய்கிற வேலை இல்லை.

நம்மூரில் நிறையப் பேர் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. மறதி எல்லாமே அல்சைமர் கிடையாது, சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கின்றன. பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்து அடிபட்டு மண்டைக்குள் மெதுவாகக் கசிந்து தேங்கிய ரத்தம், மூளையில் நீர் தேங்குவது, சில தூக்க மாத்திரைகள். இவற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் ஆள் பெரிய அளவில் தேறிவிடலாம். ரத்தப் பரிசோதனையும் தலை ஸ்கேனும் கட்டாயம் தேவை. மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில், அதாவது நம்ம பெரியாஸ்பத்திரியில், நரம்பியல் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. ஓ.பி. சீட்டுப் போட்டு இரண்டில் எதில் காட்டினாலும் ஆரம்பிக்கலாம்.

போகும்போது கூடவே இருக்கிற அம்மாவைக் கூட்டிப்போங்கள், ஊரிலிருந்து லீவில் வந்த தம்பி மட்டும் போனால் பயனில்லை. எப்போது ஆரம்பித்தது, எதை முதலில் மறந்தார், திடீரென்றா மெதுவாகவா என்று டாக்டர் கேட்கிற கேள்விகள்தான் ஸ்கேனை விட முக்கியம். அப்பா அதிகம் படிக்காதவர் என்றால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லிச் சோதிக்கிற முறைகள் படித்தவர்களுக்காக உண்டானவை, படிக்காதவர்களுக்கென்று மாற்றியமைத்த சோதனைகளும் இருக்கின்றன.

என் கணவர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது கையெழுத்து மாறுகிறது, பேங்கில் ஒத்துக்கொள்ளவில்லை. வீடும் அவர் பெயரில். ஒரு பவர் எழுதி வாங்கிவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். செலவுக்கு அரசு உதவி உண்டா?
— வாசகி, திருமங்கலம்

பவர் விஷயத்தில் கவனம் அம்மா. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ அந்தப் பவர் முடிந்துபோகும். அதாவது எந்த நாளில் உங்களுக்கு அது தேவைப்படுமோ அந்த நாளில் அது செல்லாது. நோய் ஆரம்ப நிலையில், அவருக்கு இன்னும் விஷயம் புரிகிறது என்று டாக்டர் எழுதிக்கொடுக்கிற நிலையில் இருந்தால், இப்போதே ஒரு நல்ல வக்கீலை வைத்து உயில், கூட்டுக் கணக்கு, நாமினி, இதையெல்லாம் அவர் விருப்பத்தைக் கேட்டு முடியுங்கள். அவருடைய சொத்து, அவருடைய விருப்பம். பிள்ளைகளைக் கூடவே வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஒளித்துச் செய்தால் பின்னால் வழக்காக வரும். நோய் முற்றிவிட்டது என்றால் கார்டியனாக நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டியிருக்கும், நமக்கு மதுரைக் கிளை இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். வக்கீல் செலவுக்குப் பயந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இது தெரியாமல் எத்தனை பேர் நகையை அடகு வைத்திருக்கிறார்கள்.

பேங்க் விஷயத்துக்கு வழி இருக்கிறது. கையெழுத்துப் போட முடியாத வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பேங்க் அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படை பேங்க் சேவை செய்து தரவும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கவுன்டரில் "முடியாது" என்றால் மேனேஜரைப் பாருங்கள், அவரும் முடியாது என்றால் எழுத்தில் கேளுங்கள். பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்று எடுக்கத் தபால்காரரே வீட்டுக்கு வருகிற வசதியும் இருக்கிறது, போஸ்ட் ஆபீஸில் கேளுங்கள்.

செலவைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மாதிரியானவை ஆஸ்பத்திரியில் படுத்தால் கைகொடுக்கும். இந்த நோயில் பணம் கரைவது ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில். ஆள் வைப்பதற்கு, டயப்பருக்கு, வேலையை விட்டுவிட்டு ஒருவர் வீட்டில் இருப்பதற்கு. இதற்குக் கைகொடுக்கப் போதுமான திட்டம் இல்லாததுதான் நம் நாட்டில் பெரிய குறை. பக்கத்துக் கேரளாவில் 2014-லேயே மறதி நோய்க்கென்று அரசுத் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். அங்கே 1992-இல் உருவான இந்திய அல்சைமர் சங்கம் விடாமல் பேசிப் பேசித்தான் அது நடந்தது. மதுரையில் பகல் நேரத்தில் மட்டும் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டிவருகிற மாதிரி நாலு பராமரிப்பு மையங்கள் இருந்தால் எத்தனை மருமகள்கள் வேலைக்குப் போவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வார்டு கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வரும்போது ரோட்டைக் கேட்கிற மாதிரி இதையும் கேட்க வேண்டும்.

மாத்திரை டோனபெசில், மெமன்டைன் என்று எழுதியிருந்தால் அவை பொதுப் பெயரில் விலை குறைவாகவே வருகின்றன, ஜன் ஔஷதி கடையில் விசாரியுங்கள்.

நான் மதுரையில் உயிர்வேதியியல் படிக்கிறேன். அல்சைமருக்கு மருந்தே கிடையாது என்கிறார்கள், ஆனால் உலகம் முழுக்க ஆராய்ச்சிக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். அந்தப் பணத்தை நோயாளிகளின் குடும்பத்துக்குக் கொடுத்தால் என்ன?
— மாணவர், மதுரை

தம்பி, இரண்டும் வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது, விரிவாகவே பேசுவோம்.

1906-இல் ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர், தான் கவனித்துவந்த அகஸ்தே டீட்டர் என்ற பெண்ணின் மூளையை அவர் இறந்தபிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, நரம்பு செல்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கிய நார்களையும் கண்டு மருத்துவர்கள் கூட்டத்தில் சொன்னார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பிறகு ரொம்பக் காலம் இது வயதின் இயல்பு என்றே விடப்பட்டது, அதனால் ஆராய்ச்சிக்குப் பணமும் வரவில்லை. அமெரிக்காவில் 1980-இல் குடும்பங்கள் சேர்ந்து அல்சைமர் சங்கம் தொடங்கின. 1983-இல் அந்த நாட்டு ஜனாதிபதி ரீகன் நவம்பரை அல்சைமர் விழிப்புணர்வு மாதமாக அறிவித்தார். 1994-இல் அதே ரீகன் தனக்கே அந்த நோய் வந்திருக்கிறது என்று நாட்டு மக்களுக்குக் கையால் கடிதம் எழுதினார். அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர் பெயரை மறைக்கவில்லை என்பதைத்தான் நான் இங்கே பார்க்கிறேன். 2011-இல் அங்கே தேசிய அல்சைமர் திட்டத்துக்குச் சட்டமே வந்தது. அப்போது வருடத்துக்கு 50 கோடி டாலருக்கும் குறைவாக இருந்த அரசு ஆராய்ச்சிப் பணம் இப்போது 350 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. குடும்பங்கள் வெளியே வந்து பேசியதால் வந்த பணம் இது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். 2023-இல் லெகானெமாப், 2024-இல் டொனானெமாப் என்று இரண்டு மருந்துகளை அமெரிக்காவில் முழுமையாக அங்கீகரித்தார்கள். அல்சைமர் அன்று பார்த்த படிவில் இருக்கிற அமிலாய்டு புரதத்தை மூளையிலிருந்து அகற்றுகிற மருந்துகள் இவை. லெகானெமாப் சோதனையில் 1,795 பேர் கலந்துகொண்டார்கள். 18 மாதத்தில் நோய் மோசமாவது 27 சதவீதம் குறைந்தது. குணமாகவில்லை, நிற்கவும் இல்லை, மெதுவானது, அவ்வளவுதான். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும், அமெரிக்காவில் மருந்து விலை மட்டும் வருடத்துக்கு 26,500 டாலர். ஆக செல்லூரில் அந்த அம்மாவுக்கு நாளைக்கே இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் நூறு வருடத்துக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாமல் இருந்த நோயின் போக்கைக் கொஞ்சமாவது மாற்ற முடியும் என்று காட்டியது பெரிய விஷயம், அதை ஆராய்ச்சிப் பணம் இல்லாமல் யாரும் காட்டியிருக்க முடியாது.

அப்புறம், ஆராய்ச்சி என்றால் மருந்து மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 1998-இல் கொச்சியில் உருவான ஒரு ஆராய்ச்சிக் குழுவின் பெயர் 10/66. மறதி நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி நடக்கிற ஆராய்ச்சியோ 10 சதவீதத்துக்கும் குறைவு, அதுதான் அந்தப் பெயர். அந்தக் குழு ஆய்வு செய்த இடங்களில் நம் சென்னையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் உண்டு. 2023-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகச் சொன்னது. ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தை விடக் கிராமத்தில் அதிகம். இந்த எண்ணிக்கை இல்லாமல் எந்த அரசிடம் போய் எதைக் கேட்பது? குடும்பத்துக்குப் பணம் கொடு என்று கேட்பதற்கும் ஆராய்ச்சிதான் ஆதாரம்.

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் ஸ்ரீனிவாசபுரத்தில் 45 வயது தாண்டிய கிராம மக்கள் 10,000 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கிற வேலையை எடுத்திருக்கிறது. நம் ஆட்களின் சாப்பாடு, சர்க்கரை, மரபணு, படிப்பு எல்லாம் ஐரோப்பியர்கள் மாதிரி இல்லை, அங்கே கண்டுபிடித்ததை அப்படியே இங்கே நம்ப முடியாது. அந்த மையத்துக்கு இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் அறக்கட்டளை பெரிய தொகை கொடுத்திருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கும் கோயில் கும்பாபிஷேகத்துக்கும் தாராளமாகக் கொடுக்கிற கை நம் மதுரையில் நிறைய உண்டு, அதில் ஒரு பங்கு இந்தப் பக்கம் திரும்பினால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை. நீங்கள் உயிர்வேதியியல் படிக்கிறீர்கள். பணம் இல்லாவிட்டாலும் இந்தத் துறைக்குள் நீங்களே வரலாமே தம்பி.

அப்பா வீட்டை விட்டுக் கிளம்பிப் போய்விடுகிறார். சித்திரைத் திருவிழா சமயத்தில் ஒரு நாள் முழுக்கத் தேடினோம். கதவைப் பூட்டிவைப்பது பாவமாக இருக்கிறது.
— வாசகர், அலங்காநல்லூர்

எங்கே போகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் பழைய வேலை இடம், பழைய வீடு, பஸ் ஸ்டாப், இப்படி ஒரு இடத்தை மனதில் வைத்துத்தான் கிளம்புவார்கள். காலையிலும் சாயங்காலமும் நீங்களே கூட்டிக்கொண்டு ஒரு நடை போய்வந்தால் பாதி குறையும். சட்டைப் பையில் சீட்டு வைத்தால் எடுத்துப் போட்டுவிடுவார், சட்டைக் காலருக்கு உள்பக்கம் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள், இல்லையென்றால் கழற்ற முடியாத கைவளையத்தில் பொறித்துவிடுங்கள். ஊர் டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், பஸ் கண்டக்டர்கள், பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன் எல்லாரிடமும் அவர் போட்டோவையும் உங்கள் நம்பரையும் கொடுத்து, என்ன நோய் என்று சொல்லிவையுங்கள். காணாமல் போனால் அரை மணி நேரம் தேடிவிட்டு உடனே 112-க்கு அடியுங்கள், ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. கிணறு, கண்மாய், வாய்க்கால் பக்கம் முதலில் பாருங்கள். கதவில் அவர் கண்ணில் படாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுவது தப்பில்லை, ஆனால் உள்ளே ஒருவர் இருக்கும்போது மட்டும். தனியாக வைத்துப் பூட்டிவிட்டுப் போகவே கூடாது.

எங்கள் பள்ளியில் செப்டம்பர் 21-க்கு ஏதாவது செய்யலாம் என்று இருக்கிறோம். பேரணி, பேனர் தவிர என்ன செய்யலாம்?
— ஆசிரியை, மேலூர்

ரொம்ப நல்ல காரியம் டீச்சர். பிள்ளைகளிடம் ஆரம்பித்தால் வீட்டுக்குள் போய்விடும், தாத்தாவை "லூசு" என்று கிண்டல் செய்கிற பிள்ளைக்கு அது நோய் என்று ஒரு தடவை சொன்னால் போதும், அப்புறம் மற்றவர்களை அதுவே திருத்தும்.

பேரணிக்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல், 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்று சொல்லியிருக்கிறது. சின்ன வயதில் படிப்பு இல்லாதது, காது கேட்காமை, பார்வைக் குறைவு, பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, தலையில் அடி, தனிமை, மனச்சோர்வு எல்லாம் அதில் வருகின்றன. இதில் காதும் கண்ணும் நாம் உடனே கைவைக்கக்கூடியவை. கண்ணுக்கு மதுரைக்காரர்கள் எங்கும் போக வேண்டியதில்லை, 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊரில்தான் இருக்கிறது, கிராமம் கிராமமாக முகாமும் நடத்துகிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு தாத்தா பாட்டியிடம் போய், கண் நல்லாத் தெரியுதா, காது கேக்குதா, கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க என்று மூன்று கேள்வி கேட்டு எழுதிவரட்டும். அந்தத் தாள்களை வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி ஒரு நாள் முகாம் வைத்துவிடலாம். கூடவே ஹெல்மெட்டையும் சொல்லுங்கள், தலையில் அடிபடுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

எனக்கு 49 வயது, கல்யாணம் ஆகவில்லை. அம்மாவை நான் மட்டும்தான் பார்த்துக்கொள்கிறேன். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. ராத்திரி தூங்க விடுவதில்லை. சில நேரம் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது. ஒரு நாள் கோபத்தில் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். நான் பாவியா?
— வாசகி, வில்லாபுரம்

இல்லை. நீங்கள் தூக்கமில்லாத, உதவியில்லாத, மாதக்கணக்காக யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்காத ஒரு பெண். அந்த நினைப்பு இந்த வேலையைச் செய்கிற எத்தனையோ பேருக்கு வருகிறது, வெளியே சொல்லுகிறவர்கள்தான் குறைவு. நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அதற்கே தைரியம் வேண்டும்.

ஆனால் கையை இழுத்த விஷயத்தைச் சின்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்பதற்கு அது அடையாளம், உடனே ஆள் மாற்ற வேண்டும். அந்தக் கோபம் வரும்போது அம்மாவைப் பத்திரமான இடத்தில் உட்காரவைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுங்கள், ஐந்து நிமிடம் அவர் தனியாக அழுதாலும் பரவாயில்லை. 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், இது அம்மாவுக்காக இல்லை, உங்களுக்காக. முதியோர் உதவி எண் 14567, அதிலும் வழி கேட்கலாம். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தில் டெம்கேர்ஸ் என்று மறதி நோய்க்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, அவர்களிடமும் ஆலோசனை கேளுங்கள்.

ராத்திரித் தூக்கத்துக்கு டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் புத்தி இன்னும் கலங்குவதும் அதனால் நடக்கும். ஆவேசத்தை அடக்கக் கொடுக்கிற சில மாத்திரைகள் பக்கவாத அபாயத்தைக் கூட்டுபவை, டாக்டர் எழுதினாலும் எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவது என்று கேட்டு வாங்குங்கள். பகலில் வெயில் படும்படி வாசலில் உட்காரவைப்பது, மத்தியானத் தூக்கத்தைக் குறைப்பது, ராத்திரி படுக்கும் முன் பாத்ரூம் கூட்டிப்போவது, வலி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது, இதையெல்லாம் முதலில் செய்து பாருங்கள்.

உங்களோடு பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று எழுதவில்லை. இருந்தால் பணம் அனுப்புவது மட்டும் போதாது என்று சொல்லுங்கள். பெற்றவர்களைப் பராமரிப்பது 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகன், மகள் எல்லாருக்கும் கடமை, கல்யாணம் ஆகாத மகளுக்கு மட்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. சொந்தம் யாரும் இல்லையென்றால் ஒரு ராத்திரிக்காவது சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தூங்குங்கள். அம்மாவுக்கு உங்கள் பேர் தெரியாமல் இருக்கலாம், உங்கள் குரலும் கையும் பழகியது என்பது ரொம்ப நாள் வரை அவருக்கு இருக்கலாம். எனக்கு மறுபடியும் எழுதுங்கள், இந்தத் தடவை போன் நம்பரோடு.

அம்மாவுக்கு 76 வயதில் வந்தது. எனக்கும் வருமா? ரத்தத்தில் பரிசோதனை செய்து தெரிந்துகொள்ளலாமா?
— வாசகர், வாடிப்பட்டி

நேராக வம்சாவழியாக இறங்குகிற வகை ரொம்ப அபூர்வம், நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே, 40, 50-களிலேயே வந்துவிடும். 76 வயதில் வந்தது அந்த வகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு ஓரளவு கூடும், அதற்காகக் கட்டாயம் வரும் என்று அர்த்தமில்லை. அந்த வாய்ப்பைக் கூட்டுகிற ஏபிஓஈ4 என்ற மரபணு இருப்பவர்களிலும் நிறையப் பேருக்கு நோய் வருவதே இல்லை, அது இல்லாதவர்களுக்கும் வருகிறது. அதனால் தொந்தரவு ஒன்றும் இல்லாத ஆள் போய் மரபணு சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். ஞாபக சக்திக்கு என்று விற்கிற பொடி, லேகியம், மாத்திரை எதற்கும் கட்ட வேண்டாம். அந்தப் பணத்தில் சர்க்கரை, கொழுப்பு இரண்டையும் வருடம் ஒரு தடவை பாருங்கள். பிரஷர் இருந்தால் மாத்திரையை நிறுத்தாதீர்கள், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் கடிதத்தில் டி.வி. சத்தத்தை ரொம்பக் கூட்டி வைப்பதாக வீட்டில் சண்டை என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் போய்க் காதைக் காட்டுங்கள்.